ஏழாவது கேள்வி

செப்டம்பர் இருபத்தெட்டு. நிழலில் முப்பத்திரண்டு பாகை.
லா கூர்னேவ், ஆறாம் மாடி.
லிப்ட் யூன் மாதத்தோடு நின்றது.
உறிஞ்சுகுழாயை முதுகில் சுமந்து பப்திஸ்த் முன்னே ஏறுகிறான்,
அவன் நுளம்பு பிடிப்பவன்.
நான் மொழிபெயர்ப்பவள்,
படிவத்தால் முகத்துக்கு விசிறியபடி பின்னே.

கதவைத் திறந்தவர் குலேந்திரன்.
கண்ணுக்குப் பின்னால் நோகிறதா என்று கேட்குமுன்பே
இரண்டு விரலால் இமையை அழுத்திக் காட்டினார்.
ஒரு அறை. நாலு மெத்தை.
பகல்காரர் எழும்ப இரவுக்காரர் படுப்பார்,
இன்னொருவரின் சூடு ஆறாத தலையணையில்.
"ஏழு பேர் எண்டு எழுதாதேங்கோ, பிள்ளை.
வீட்டுக்காரனுக்கு நாங்கள் நாலு பேர்தான்."
நாலு என்று எழுதினேன்.
கடிக்கிறது எண்ணிக்கொள்ளட்டும் மிச்சத்தை.

ஏழாவது கேள்வி:
கடந்த பதினைந்து நாளில் எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள்?
கீழே சின்னச் சின்னப் பெட்டிகள்:
மர்த்தினிக். ரெயூனியன். பிரேசில். தாய்லாந்து.

சிரித்தார்.
காய்ச்சல்காரரின் சிரிப்பு, பல் மட்டும்.
"பதினைந்து நாளோ!
பதினெட்டு வருஷமா எங்கையும் போகேல்லை.
அம்மா செத்ததுக்கும் போகேல்லை.
மெட்ரோவில ஏறி ஒப்பேராவில இறங்குவன்.
படி இறங்கினால் குசினி.
கோப்பை கழுவி முடியப் படி ஏறுவன்."
காய்ச்சலோடும் வேலைக்குப் போனீர்களா?
"விரல் மடங்காத ரெண்டு நாள் நிண்டன்.
மூண்டாம் நாள் நிண்டால் என்ரை தொட்டியில வேறை ஆள்."

பல்கனியிலிருந்து பப்திஸ்த் கூப்பிட்டான்.
மூடி உடைந்த பழைய சலவை இயந்திரம்.
ஓகஸ்ட் புயல்மழை அதன் வயிற்றில் இன்னும் கிடந்தது.
டோர்ச் வெளிச்சத்தில்
வளைந்து நிமிர்ந்து வளைந்து
நூறு, நூற்றைம்பது மயிரிழைகள்.
"இதை ஏன் கொண்டுபோய் எறியவில்லை என்று கேள்" என்றான்.
நான் கேட்கவில்லை. அவனைப் பார்த்தேன்.
ஆறு மாடி ஏறிய அவனுடைய சட்டையை,
அதில் முதுகுவரை இறங்கியிருந்த ஈரத்தை.
அவனும் குனிந்து பார்த்துக்கொண்டான்.

மூன்று பேருமாகச் சரித்தோம்.
தண்ணீர் சூடான சீமெந்தில் பரவிக் காய்ந்தது.
உள்விளிம்பை அவன் உரஞ்சினான் நீண்ட நேரம்.
முட்டை அங்கே ஒட்டியிருக்குமாம்
பனிக்காலம் முழுக்க, உலர்ந்து, சாகாமல்.
"முன்பெல்லாம் இந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிந்துவிடும்.
இப்போது நவம்பர்வரை சம்பளம்."
சொல்லிவிட்டு ஏனோ காது சிவந்தான்.

இன்றிரவு மூன்று மணிக்கு மருந்தடிப்பார்கள்.
யன்னல்களை இறுகப் பூட்ட வேண்டும்.
மொழிபெயர்த்தேன்.
"பூட்டினால் இந்த வெக்கையில ஏழு பேர் எப்பிடி மூச்சு விடுறது?"
அதையும் மொழிபெயர்த்தேன்.
பப்திஸ்த் படிவத்தைப் புரட்டினான்,
முன்பக்கம், பின்பக்கம்.

கீழ்த்தளச் சுவரில் யாரோ கரியால் கிறுக்கியிருந்தார்கள்,
நோயைக் கொண்டுவந்தவர்களே திரும்பிப் போங்கள் என்று.
நுளம்பு வந்தது டயருக்குள்,
கடற்கரை விடுமுறை முடிந்து திரும்பிய கார்களுக்குள்.
கிருமியைக் கொண்டுவந்த யாரோ ஒருவரிடம்
விமானச்சீட்டு இருந்திருக்கும், கடவுச்சீட்டும்.
குலேந்திரனிடம் ஒரு மெட்ரோ அட்டை.

பத்து நாளில் ஆய்வுகூட முடிவு வந்தது.
இரத்தத்தில் டெங்கு.
தொற்றிய இடம் என்ற வரிக்கு நேரே
முத்திரையோடு ஒற்றைச் சொல்:
உள்ளூர்.

அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.
இனிப் பயமில்லை, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பின்னால் குழாய் ஓடியது, கோப்பைகள் மோதின.
"பிள்ளை, அந்தக் கடதாசியில ஒரு பிரதி எடுக்கலாமோ?
இஞ்சைதான் இருந்தனான் எண்டு காட்ட
மாசத்துக்கு ஒரு அத்தாட்சி கேக்கிறாங்கள், விசா அலுவலகத்தில.
இந்தச் செப்டம்பருக்கு
என்னட்டை ஒண்டும் இல்லாமல் இருந்தது."